.22 ரைபிளுக்கு ரெட் டாட்: 2 எம்.ஓ.ஏ. எடுப்பதா, 6 எடுப்பதா?

கருவட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழகியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

என்னுடையது .22 எல்.ஆர். போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். மரக்கட்டை ஸ்டாக். ரிசீவர் மேல் 11 மி.மீ. டவ்டெயில் பள்ளம் வெட்டியிருக்கிறது, பிக்கடினி ரெயில் (குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய மாட்டுப்பட்டை) கிடையாது. இத்தனை வருடமாக அதோடு வந்த இரும்பு சைட்டிலேயே (குறிபார்க்கும் உறுப்பு) சுட்டு வந்தேன். இப்போது வெள்ளெழுத்து வந்துவிட்டது. முன் சைட் பிசிறடித்துத் தெரிகிறது. அதைக் கூர்மையாகக் காட்டும் கண்ணாடியைப் போட்டால் தாளில் இருக்கும் கருப்பு வட்டம் கலங்கிப் போகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியவில்லை.

சுடுவது இரண்டு வகை. பெரும்பாலும் 50 மீட்டரில் தாள். நடுநடுவே 25 மீட்டரில், கை அகல இரும்புத் தட்டுகளை நேரம் வைத்து விழத்தட்டும் கிளப் போட்டி. ஸ்கோப் மாட்டிப் பார்த்தேன். தாளுக்கு அருமை. தட்டுக்கு வந்தால் ஒன்றைத் தள்ளிவிட்டு அடுத்ததை ஸ்கோப்புக்குள் தேடிப் பிடிப்பதற்குள் பக்கத்து லேன்காரர் முடித்துவிடுகிறார். அதனால்தான் ரெட் டாட் (கண்ணாடிக்குள் ஒளிப்புள்ளி தெரியும் சைட்) யோசனை.

சந்தேகங்கள் இவை. புள்ளி 2 எம்.ஓ.ஏ. (பாகையில் அறுபதில் ஒரு பங்கான கோண அளவு) நல்லதா, 6 நல்லதா? சிவப்பா, பச்சையா? கண்ணாடி திறந்த வகையா, குழாய் போல மூடிய வகையா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கடையில் ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்தேன். வட்டமான புள்ளிக்குப் பதிலாக, கீழே வலப்பக்கம் வால் நீட்டிக்கொண்டு ஒரு காற்புள்ளி தெரிந்தது. "இது மட்டமான சரக்கு, மேல் ரகம் எடுங்கள், புள்ளி உருண்டையாக இருக்கும்" என்றார் கடைக்காரர். மேல் ரகத்திலும் வால் இருந்தது, கொஞ்சம் சின்னதாக. வாங்காமல் வந்துவிட்டேன்.

பின்னால் ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) முறைப் போட்டிகளுக்கும் போக ஆசை இருக்கிறது. அங்கே இதை வைத்துச் சுட விடுவார்களா?


இடக்கண் எழுதியது:

ரொம்ப யோசிக்காதீங்க சார். 2 எம்.ஓ.ஏ., மூடிய வகை, சி.ஆர்.2032 பேட்டரி. சிக் சாவர் ரோமியோ5, ஹோலோசன் 403பி இரண்டில் எது கிடைத்தாலும் .22-க்குத் தாராளம். எய்ம்பாயிண்ட் ஹெச்-2 வாங்க வசதி இருந்தால் இன்னும் நல்லது, பிள்ளைகள் காலம் வரைக்கும் உழைக்கும். 6 எம்.ஓ.ஏ. எல்லாம் கைத்துப்பாக்கிக்காரர்கள் விஷயம். தாள் சுடுகிறவருக்கு வேண்டாம்.


நடுவளையம் எழுதியது:

கருவட்டம் ஐயா, இடக்கண் சொன்ன மூன்றும் நல்ல சைட்டுகள்தான். ஆனால் அந்த வால் என்னவென்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். எங்கள் ரேஞ்ச்சில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு சைட் மாட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. அங்கே நான் பார்க்கிறவர்களில் "புள்ளி சரியில்லை" என்று சைட்டைத் திருப்பிக் கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கண்ணைத்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இந்த சைட்டுக்குள் நடப்பது எளிய விஷயம். கீழே ஒரு சின்ன எல்.இ.டி. அதன் ஒளி முன்கண்ணாடியின் உள்வளைவில் பட்டு உங்கள் கண்ணுக்குத் திரும்புகிறது. சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும் பூச்சு அந்தக் கண்ணாடியில் இருக்கும். அதனால்தான் அதன் வழியே பார்க்கும்போது வெளியுலகம் லேசாக நீலப் பச்சையாகத் தெரிகிறது. வளைவு காரணமாகக் கதிர்கள் இணையாகிவிடுவதால் புள்ளி வெகுதூரத்தில், இலக்கின் பக்கத்திலேயே இருப்பதுபோல் தெரியும். வெள்ளெழுத்துக்காரருக்கு இதனால்தான் இது வரம். பின் சைட், முன் சைட், இலக்கு என்று மூன்று தூரத்துக்குக் கண் அலைய வேண்டாம். இலக்கைப் பார்த்தால் போதும். அயர்லாந்தின் தொலைநோக்கிக் கலைஞர் ஹோவர்ட் கிரப் 1900-லேயே இந்த அமைப்பை யோசித்துவிட்டார். எல்.இ.டி. வைத்து ரைபிளுக்கு வந்தது 1970-களின் நடுவில், சுவீடனின் எய்ம்பாயிண்ட் மூலமாக.

ஆனால் அவ்வளவு சின்ன ஒளிப்புள்ளி, கண்ணின் கருவிழி வளைவில் உள்ள சிறு கோணலையும் மறைக்காமல் காட்டிவிடும். வால், நட்சத்திரம், இரட்டைப் புள்ளி, திராட்சைக் கொத்து என்று ஆளுக்கு ஒரு வடிவம் சொல்வார்கள். உங்கள் கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்', 'ஆக்சிஸ்' என்ற கட்டங்களில் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது.

மீதிக்கு இதைச் செய்யுங்கள். ரைபிளில் மாட்டாத சைட் ஒன்றைக் கையில் வாங்கிப் புள்ளியைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே சைட்டை மெல்லக் கால் சுற்றுச் சுழற்றுங்கள். வாலும் கூடவே சுழன்றால் சைட்டின் கோளாறு. சைட் சுழன்றும் வால் அதே பக்கம் நின்றால் உங்கள் கண். அடுத்து, கைபேசி கேமராவை சைட்டுக்குப் பின்னால் வைத்து, தூரத்துச் சுவரில் ஃபோகஸ் செய்து படம் எடுங்கள். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தால் சைட் நல்லது. வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் எல்லாப் புள்ளியும் பூசணிக்காயாகத்தான் வரும். கடைசியாக, ஒரு அட்டையில் குண்டூசியால் துளை போட்டு, அந்தத் துளை வழியே புள்ளியைப் பாருங்கள். வால் மறைந்துவிட்டால் கண்ணாடி போட்டுச் சரிசெய்யக்கூடிய விஷயம் அது. கண்ணில் வேறு பெரிய சிக்கலாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இதன் விடை வந்த பிறகு மாடலைப் பேசுவோம். அதுவரைக்கும் உங்கள் மற்றக் கேள்விகளுக்கு:

புள்ளி அளவு. ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் ஏறக்குறைய 29 மி.மீ. ஆகவே 50 மீட்டரில் 2 எம்.ஓ.ஏ. புள்ளி 29 மி.மீ. இடத்தை மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. புள்ளி 87 மி.மீ. மறைக்கும். 50 மீட்டர் ரைபிள் தாளில் கருப்பின் விட்டமே 112.4 மி.மீ.தான். 6 வைத்தால் கருப்பின் அகலத்தில் முக்கால்வாசி புள்ளிக்குள் போய்விடும். மிச்சம் தெரியும் கருப்பு விளிம்பைச் சுற்றிலும் சமமாக வைத்துச் சுடுகிறவர்கள் உண்டு. அது தனிப் பழக்கம். தட்டுக்கு 25 மீட்டரில் 6 வேகமாகக் கண்ணில் படும் என்பது உண்மை. ஆனால் 2 வைத்திருப்பவர் வெளிச்சத்தை இரண்டு படி ஏற்றினால் புள்ளி தானே தடித்துத் தெரியும். 6 வைத்திருப்பவரால் அதைச் சிறியதாக்க முடியாது. எனவே 2.

புள்ளியைவிடக் கிளிக்கைக் கவனியுங்கள், இதை யாரும் கேட்பதில்லை. சைட்டைத் திருத்தும் திருகைத் திருப்பினால் படிப்படியாகக் கிளிக் என்று நகரும். சில சைட்டுகளில் ஒரு கிளிக் 1 எம்.ஓ.ஏ., சிலவற்றில் அரை. 50 மீட்டரில் 1 எம்.ஓ.ஏ. என்றால் குண்டு 14.5 மி.மீ. நகரும். அந்தத் தாளில் 10-வது வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. அதாவது ஒரே கிளிக்கில் பத்தின் இந்தப் பக்கத்திலிருந்து தாண்டி அந்தப் பக்கம் போய்விடலாம். தாள் சுடுகிறவர் அரை எம்.ஓ.ஏ.வைவிடப் பெரிய கிளிக் உள்ளதை எடுக்கக் கூடாது.

மூடிய வகையே எடுங்கள். திறந்த வகையில் எல்.இ.டி.க்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மழைத்துளியோ தூசியோ உட்கார்ந்தால் புள்ளி சிதறும், மறையும். கைத்துப்பாக்கியில் எடைக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள். ரைபிளில் அந்த அவசியம் இல்லை.

வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகை உங்களுக்கு வேண்டாம். ரேஞ்ச்சில் நீங்கள் நிற்பது கூரைக்குக் கீழே நிழலில். தாள் இருப்பது வெயிலில். சைட் தன் தலைமேல் இருக்கும் நிழலை அளந்து புள்ளியை மங்கலாக்கிவிடும், வெயிலில் வெளுத்த தாளின்மேல் அது தெரியாது. கையால் மாற்றும் பொத்தான் உள்ளதே நல்லது.

ஐ.எஸ்.எஸ்.எஃப். ரைபிள் போட்டிகளில் இது முடியாது. 10 மீட்டர், 50 மீட்டர், 300 மீட்டர் எதிலும் சைட்டில் லென்ஸ் இருக்கக் கூடாது, துளை சைட்தான். ஓடும் இலக்குப் போட்டியில் மட்டும்தான் தொலைநோக்கி. அங்கே போகிற எண்ணம் உறுதியானது என்றால் பழைய சைட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடாதீர்கள்.


கருவட்டம் எழுதியது:

நடுவளையம் ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நண்பர் ஒருவரிடம் ரோமியோ5 இருந்தது, அதை வாங்கிச் சோதித்தேன்.

சுழற்றினால் வால் நகரவில்லை. அதே கீழ் வலப்பக்கம். கைபேசிப் படத்தில் புள்ளி உருண்டை. குண்டூசித் துளையில் வால் காணாமலே போய்விட்டது. சீட்டை எடுத்துப் பார்த்தேன், வலக் கண்ணுக்கு சிலிண்டர் மைனஸ் 1.25 என்று இருக்கிறது. சாதாரணமாகப் போடும் கண்ணாடி மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமான ப்ரோக்ரசிவ். ஆனால் ரேஞ்ச்சில் அதைப் போடுவதில்லை. பவர் இல்லாத பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடிதான் போடுகிறேன். தூரம் ஓரளவு தெரிவதால் போதும் என்றிருந்தேன்.

அப்படியானால் ரெட் டாட்டே எனக்கு ஒத்துவராதா? ப்ரிஸம் சைட் என்று ஒன்று சொல்கிறார்களே?


இடக்கண் எழுதியது:

1 மடங்கு (பெரிதாக்கிக் காட்டாத) ப்ரிஸம் சைட் வைத்திருக்கிறேன் சார், எனக்கும் சிலிண்டர் பவர் உண்டு. அதில் குறி கண்ணாடியிலேயே பொறித்திருக்கும், பேட்டரி செத்தாலும் கருப்பாகத் தெரியும். பின்னால் கண்ணுக்கேற்பத் திருகிக்கொள்ளலாம். குறி நறுக்கென்று இருக்கிறது. ஆனால் கண் சரியான தூரத்தில், நேராக இருந்தால்தான் படம் முழுசாக வரும். தலையைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்தால் ஓரம் கருத்துவிடும். தட்டுப் போட்டியில் அது எனக்கு இடைஞ்சல்தான்.


நடுவளையம் எழுதியது:

ஐயா, விடை கிடைத்துவிட்டது. ரெட் டாட் உங்களுக்கு நன்றாகவே ஒத்துவரும். முதல் செலவு சைட்டுக்கு இல்லை, கண்ணாடிக்கு.

ப்ரோக்ரசிவைப் போட்டுச் சுடாதீர்கள். ஸ்டாக்கில் கன்னம் வைத்தால் தலை முன்னால் குனியும், மூக்குப் பக்கமாகத் திரும்பும். அப்போது நீங்கள் பார்ப்பது கண்ணாடியின் நடுவழியாக இல்லை, மேல் ஓரத்தில் மூக்கை ஒட்டிய மூலை வழியாக. ப்ரோக்ரசிவில் அந்த மூலை தெளிவான இடம் இல்லை. கண்ணாடிக் கடையில் இப்படிச் சொல்லுங்கள்: தூரப் பார்வைக்கு மட்டும், சிலிண்டரோடு சேர்த்து, ஒரே பவர், உடையாத பாலிகார்பனேட், உயரமான ஃப்ரேம். முடிந்தால் ரைபிள் பிடிக்கிற மாதிரி தலையை வைத்துக் காட்டி, கண் எந்த இடத்தில் படுகிறதோ அங்கே லென்ஸின் மையம் வரும்படி குறிக்கச் சொல்லுங்கள். படிக்கும் பவர் எதுவும் வேண்டாம், புள்ளி தூரத்தில்தான் தெரிகிறது. 1.25 சிலிண்டர் திருத்தப்பட்டால் அந்த வால் சுருங்கிப் புள்ளிக்குள் போய்விடும் என்று எதிர்பார்க்கலாம். கொஞ்சம் மிச்சமிருந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். தாள் சுடும்போது புள்ளி கண்ணுக்குத் தட்டுப்பட்டால் போதும், எரிய வேண்டாம்.

பச்சைப் புள்ளி சிலர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், சிலருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. புதுக் கண்ணாடியோடு இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே தரத்தில் பச்சை பொதுவாகப் பேட்டரியைக் கூடுதலாகக் குடிக்கும்.

ப்ரிஸம் பற்றி இடக்கண் சொன்னது சரியாகச் சொன்னார். சிலிண்டர் பவர் அதிகமாக இருந்து, கண்ணாடி போட்டும் புள்ளி சேரவில்லை என்றால் நான் அதைத்தான் சொல்வேன். உங்கள் நிலைமைக்கு அவசியமில்லை. எடையும் கூடும்.

இப்போது மவுண்ட், அதாவது சைட்டை ரைபிளில் பிடித்துவைக்கும் தாங்கி. உங்கள் ரைபிளில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். கடைகளில் வரும் சைட்டுகளோடு பெரும்பாலும் பிக்கடினி மவுண்ட்தான் வரும், பலவற்றில் ஏ.ஆர். வகை ரைபிளின் நேரான ஸ்டாக்குக்கான உயர மவுண்ட். அதை 11 மி.மீ. டவ்டெயிலில் வைக்க ஒரு மாற்றுப்பட்டை போட்டு, அதன்மேல் உயர மவுண்ட் போட்டால், சைட் உங்கள் புருவத்துக்கு மேலே நிற்கும். மரக்கட்டை ஸ்டாக்கில் கன்னம் வைக்கும் இடம் இரும்பு சைட்டுக்குத் தோதாகத் தாழ்ந்திருக்கும். புள்ளியைப் பார்க்கக் கன்னத்தைத் தூக்கித் தாடையை வைத்துச் சுடுவீர்கள். தட்டில் தெரியாது, தாளில் குரூப் (குண்டுகள் பட்ட கூட்டம்) மேலும் கீழுமாக நீளும். எய்ம்பாயிண்ட் மைக்ரோ அடிப்பாகம் கொண்ட சைட்டுகளுக்கு நேராக டவ்டெயிலில் உட்காரும் தாழ்வான மவுண்ட்டுகள் கிடைக்கின்றன. ரோமியோ5, 403பி இரண்டுக்கும் அந்த அடிப்பாகம்தான், ஆனால் உங்கள் பள்ளத்தின் அகலத்துக்குப் பொருந்துகிறதா என்று மவுண்ட்டை வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

உயரம் சரியா என்று பார்க்க: போல்ட்டைத் திறந்து அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பாதுகாப்பான திசை நோக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை இயல்பாக ஸ்டாக்கில் வையுங்கள். கண்ணைத் திறங்கள். புள்ளி கண்ணாடியின் நடுவில் இருக்க வேண்டும். தேட வேண்டியிருந்தால் மவுண்ட் தாழ வேண்டும், அல்லது ஸ்டாக்கில் கன்னப்பட்டை ஏற வேண்டும். புள்ளி ஓரத்தில் இருந்தாலும் குண்டு அங்கேதான் போகும், பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறி இலக்கின்மேல் நகர்வது) கிடையாது என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். கிட்டத் தூரத்தில் அது முழு உண்மை இல்லை. 20 மி.மீ. சைட் கண்ணாடியின் ஒரு ஓரத்தில் கண்ணை வைத்தால் பிழை கிட்டத்தட்ட 10 மி.மீ. வரை போகலாம். தட்டுக்கு ஒன்றுமில்லை. பத்து வளையத்துக்கு அது முழு வளையம்.

டவ்டெயிலையும் மவுண்ட்டின் தாடைகளையும் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டு மாட்டுங்கள். தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கு மேல் திருகாதீர்கள், குறுகிய பள்ளத்தின் விளிம்பு நசுங்கும். திருகின் தலையிலிருந்து மவுண்ட் வரைக்கும் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். திருகு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.


காற்றுக்குழல் எழுதியது:

இடையில் நுழைகிறேன். நான் ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைபிள்காரன். .22-க்கு எடுக்கும் சைட்டை அப்படியே ஏர் ரைபிளிலும் மாற்றி மாட்டலாமா? உதை .22-ஐ விடக் கம்மிதானே?


நடுவளையம் எழுதியது:

மாட்டாதீர்கள் தம்பி. தோளில் கம்மியாகத் தெரியும், சைட்டுக்குக் கம்மி இல்லை. ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முனையில் போய் நின்றதும் முன்னால் துள்ளும். சாதாரணத் துப்பாக்கிக்கான சைட்டுகள் பின்னுதையைத் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் மட்டும் மாட்டுங்கள். மவுண்ட் பின்னால் நகராமலிருக்க நிறுத்து ஆணி உள்ளதாகவும் பாருங்கள். பி.சி.பி. ரைபிளுக்கு (முன்கூட்டியே அழுத்திய காற்றில் சுடும் வகை) இந்தத் தொல்லை இல்லை.


கருவட்டம் எழுதியது:

கண்ணாடிக்குச் சொல்லியாகிவிட்டது. தலை சாய்த்துக் காட்டியபோது கடைக்காரர் முதலில் விழித்தார், பிறகு புரிந்துகொண்டு லென்ஸ் மையத்தை மேலேயும் மூக்குப் பக்கமாகவும் தள்ளிக் குறித்தார். அது வந்ததும் அரை எம்.ஓ.ஏ. கிளிக், 2 எம்.ஓ.ஏ., மூடிய வகை என்று பார்த்து வாங்குகிறேன்.

இரண்டு சந்தேகம் மட்டும். 25-க்கும் 50-க்கும் சுட வேண்டும், எதற்கு ஜீரோ செய்வது (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சைட்டைத் திருத்துவது)? பேட்டரி 50,000 மணி நேரம் என்கிறார்களே, அணைக்காமலே வைத்திருக்கலாமா?


நடுவளையம் எழுதியது:

50-க்கு ஜீரோ செய்யுங்கள். ஒலி வேகத்துக்குக் கீழே போகும் சாதாரணத் தோட்டாவில், சைட் குழல் நடுவிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் இருந்தால், 25 மீட்டரில் குண்டு சுமார் 1 செ.மீ. மேலே படும். கை அகலத் தட்டுக்கு அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம், நடுவில் வைத்துத் தட்டுங்கள். 10 மீட்டரில் சுட்டால் ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாகக் கீழே படும், சைட் கோணலாகிவிட்டது என்று கிளிக்கைத் தொடாதீர்கள். 100 மீட்டரில் 20 செ.மீ.க்கு மேல் இறங்கிவிடும், அது வேறு ஆட்டம்.

தொடக்கத்தை 25-லேயே செய்யுங்கள். மணல் பையில் வைத்து ஐந்து குண்டு. குரூப்பின் நடுவைப் பாருங்கள், தனியாக விலகிய ஒன்றைத் துரத்தாதீர்கள். நடு, குறிவைத்த இடத்துக்கு ஒரு செ.மீ. மேலே வரும்வரை திருத்தி, பிறகு 50-க்குப் போங்கள். அங்கே அரை எம்.ஓ.ஏ. கிளிக் 7 மி.மீ.க்குச் சற்று அதிகம் நகர்த்தும். நீங்கள் வழக்கமாகச் சுடும் அதே தோட்டாவில் செய்யுங்கள். .22-இல் பிராண்ட் மாறினால் குரூப்பும் இடம் மாறும்.

50,000 மணி என்பது ஐந்தரை வருடத்துக்கு மேல், நடுத்தர வெளிச்சத்தில். உச்ச வெளிச்சத்தில் அந்தக் கணக்குச் செல்லாது. அசைவு நின்றால் தானே அணைந்து, எடுத்ததும் எரியும் வசதி ரோமியோ5-இல் இருக்கிறது, அதை நம்பலாம். எதுவானாலும் வருடத்துக்கு ஒரு முறை பேட்டரியை மாற்றிவிடுங்கள். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய சி.ஆர்.2032 பேட்டரிகள் வருகின்றன. சில கருவிகளில் அந்தப் பூச்சு தொடர்பைத் தடுத்துப் புள்ளியை விட்டுவிட்டு எரிய வைக்கும். அப்படியானால் பேட்டரியில் பூச்சு உள்ள இடத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துப் போடுங்கள். பேட்டரி மாற்றிய பிறகு மூடியைத் திருகும்போது சைட்டின் உடம்பைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், மவுண்ட்டின்மேல் பாரம் ஏறக் கூடாது. மாற்றியதும் 50-இல் ஐந்து குண்டு சுட்டு ஜீரோ நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டிக்குப் போங்கள்.